வேர் சிகிச்சை பழகும் மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள், அதை எப்படித் தடுப்பது

வேர் சிகிச்சையில் ஒரு கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று; அது பிறந்த இடம் பெரும்பாலும் அதற்கு முந்தைய படி. வேர்நுனிக்கு 3 மி.மீ. முன்னதாகவே ஃபைல் (வேர்க்கால்வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) முட்டி நிற்கிறது என்று மாணவர் அழைப்பார். போய்ப் பார்த்தால், பல்லின் தலைப்பகுதியில் கூழறையின் (பல்லின் உயிர்ச்சதையான கூழ் இருக்கும் குழியின்) கூரை ஓர் ஓரமாக அகற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் இடித்து வளைந்தபடியேதான் ஃபைல் அத்தனை நேரமும் உள்ளே போய் வந்திருக்கும். ஆகவே இங்கே ஒவ்வொரு பிழையையும் அது பிறக்கும் இடத்தில் பிடித்து எழுதியிருக்கிறேன். பிடுங்கிய பற்களில் பயிற்சி முடித்து, முதல் நோயாளியை நாற்காலியில் அமர்த்தவிருக்கும் பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டப்படிப்பு) இறுதியாண்டு மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் இதன் வாசகர்கள்.

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள அரசுப் பல் மருத்துவ நிறுவனமானாலும், சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசுக் கல்லூரியானாலும், இந்த வட்டாரத்தின் வேறெந்தக் கல்லூரியானாலும், அங்கே வருகிறவர்கள் பாடநூல் படத்தில் உள்ள பல்லோடு வருவதில்லை. பாகூரிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ வரும் அறுபது வயதுக்காரரின் கடைவாய்ப்பல், நாற்பது ஆண்டு வெற்றிலைபாக்கு மென்றதில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தேய்மானத்துக்கு ஈடாக உள்ளே புதிய டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்பொருள்) படிந்து, கூழறையின் கூரையும் தரையும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். அந்தப் பல்லை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே சொல்வது எளிதாகப் புரியும்.

பர் (துளையிடும் முனை) தொடுவதற்கு முன்

பல்லே மாறிப்போவதுதான் இருப்பதிலேயே வெட்கக்கேடான பிழை. அது நடக்கத்தான் செய்கிறது. கீழ்த்தாடைப் பல்லின் வலியை அதே பக்கத்து மேல்தாடையில் உணரும் நோயாளிகள் உண்டு. ‘இந்தப் பல்லுதான் தம்பி’ என்று அவர் விரல் வைத்துக் காட்டினாலும், குளிர் சோதனையை முதலில் பக்கத்துப் பற்களிலும் எதிர்ப்பக்கத்துப் பல்லிலும் செய்து, அவருடைய இயல்பான உணர்வு என்னவென்று தெரிந்துகொண்ட பிறகே சந்தேகப் பல்லுக்கு வர வேண்டும். ஈறில் சீழ்ப்புண் வாய் இருந்தால், 25 அல்லது 30ஆம் எண் கட்டா பெர்ச்சா குச்சியை (கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற குச்சி) அதன் வழியே மெதுவாகச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்பதைக் குச்சியின் முனை காட்டிவிடும். பல்லை உறுதிசெய்தவுடன் பேனாவால் அதன் மேல் ஒரு புள்ளி வையுங்கள். ரப்பர் டேம் (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு) போட்ட பிறகு எல்லாப் பல்லும் ஒன்று போலத்தான் தெரியும்.

ரப்பர் டேமைப் பற்றி ஒரு வார்த்தை. 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அறிமுகப்படுத்திய இந்தச் சாதாரண ரப்பர் விரிப்பைப் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது என்பதற்காகத் தவிர்க்கும் மாணவர்கள், நோயாளி ஒரு ஃபைலை விழுங்கிவிட்டால் மார்பு எக்ஸ்-ரேக்கும் வயிற்று எக்ஸ்-ரேக்கும் அவரோடு அலைய வேண்டியிருக்கும் அரை நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூழறையைத் திறப்பது

கூரை உடைந்ததும் பர் உள்ளே ‘பொத்’தென்று விழும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்போம். இளம் பல்லில் அது சரி. நான் மேலே சொன்ன தேய்ந்த பல்லில் விழுவதற்கு இடமே இல்லை. அந்த உணர்வுக்காகக் காத்திருப்பவர், கூரையையும் தரையையும் ஒரே மூச்சில் துளைத்து வேர்கள் பிரியும் இடத்து எலும்புக்குள் போய்விடுவார். இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. தொடக்க எக்ஸ்-ரேயில் பல்லின் மெல்லும் பரப்பிலிருந்து கூழறைக் கூரை வரை உள்ள தூரத்தை அளந்து, அதே தூரத்தைப் பரின் தண்டில் மார்க்கரால் கோடிட்டுக்கொள்ளுங்கள். தேயாத கடைவாய்ப்பல்லில் அது மேட்டின் உச்சியிலிருந்து சுமார் 6 மி.மீ. இருக்கும். கோடு பல்லைத் தொட்டும் கூழறை அகப்படவில்லையென்றால் ஏர்ரோட்டரை (பரைச் சுழற்றும் கருவி) நிறுத்திவிட்டு ஒரு எக்ஸ்-ரே எடுத்து, ஆழமும் சாய்வும் சரியா என்று பார்த்த பிறகே தொடர வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற எண்ணம்தான் தரையைத் துளைக்கிறது.

கூழறையின் தரை எது, சுவர் எது என்பதை நிறமே சொல்லும். 2004இல் கிராஸ்னர், ராங்கோ என்ற இருவர் 500 பற்களை வெட்டிப் பார்த்து வகுத்த விதிகளில் மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது இதுதான்: தரை எப்போதும் சுவரைவிடக் கருமையாக இருக்கும், கால்வாய் வாய்கள் சுவரும் தரையும் சந்திக்கும் கோட்டில்தான் இருக்கும். ஆகவே கருமையான தரை சுற்றிலும் வெளிறிய சுவரால் சூழப்பட்டிருப்பது முழுவதுமாகத் தெரியும் வரை கூரை இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். கூரை ஒருமுறை உடைந்துவிட்டால், முனை வெட்டாத பருக்கு மாறிச் சுவர்களை விரிவாக்குங்கள். உருண்டைப் பரோடு தரைப் பக்கம் திரும்பவே வேண்டாம். கால்வாயைத் தேடுவது டிஜி-16 என்ற கூர்முனை எக்ஸ்ப்ளோரரின் வேலை, பரின் வேலை அன்று.

நான் மாணவனாக இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல். முன்னே இருந்த முதல் கடைவாய்ப்பல் என்றோ பிடுங்கப்பட்டிருந்ததால், அந்த வெற்றிடத்தை நோக்கி இது நன்றாகச் சாய்ந்திருந்தது. பல்லின் தலை சாய்ந்தால் வேரும் கூடவே சாய்ந்திருக்கும் என்பதை மறந்து, தாடைக்குச் செங்குத்தாகப் பரை இறக்கினேன். ரத்தம் வந்தது, கூழ் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஃபைலைச் செருகி அளவும் குறித்தேன். எட்டிப் பார்த்த ஆசிரியர் கோபிக்கவில்லை. ‘9 மில்லிமீட்டரில் இந்தப் பல்லுக்கு நுனி எங்கிருந்துப்பா வந்தது?’ என்று மட்டும் கேட்டார். எக்ஸ்-ரேயில் ஃபைல் வேர்களுக்கு நடுவே எலும்பில் நின்றது. அன்றிலிருந்து, சாய்ந்த பல் எதுவானாலும், ரப்பர் டேம் மறைப்பதற்கு முன்பே ஈறின் மேலிருந்து வேரின் மேட்டை விரலால் தடவிப் பார்த்துச் சாய்வை அறிந்துகொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

துளை விழுந்துவிட்டதை எப்படி அறிவது? திடீரென்று நிற்காத ரத்தக் கசிவு, மரத்துப்போன பல்லில் சுருக்கென்ற வலி, ஃபைல் வழக்கமில்லாத கோணத்தில் நிற்பது, அபெக்ஸ் லொகேட்டர் (வேர்நுனியை மின்முறையில் காட்டும் கருவி) நான்கைந்து மில்லிமீட்டருக்குள்ளேயே நுனி வந்துவிட்டதாகக் காட்டுவது ஆகிய நான்கும் அடையாளங்கள். சந்தேகம் வந்த கணமே கழுவும் திரவமான ஹைப்போகுளோரைட்டை நிறுத்திவிட்டுச் சலைனுக்கு (உப்புநீருக்கு) மாறி, ஆசிரியரை அழையுங்கள். எம்டிஏ (துளையை அடைக்கும் சிமெண்ட்) போன்ற பொருளால் அன்றே அடைத்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிருமி புகுவதற்கு விட்டுவைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பு குறையும்.

மேல் முன்பற்களில் பிழை வேறு வகை. அண்ணப்பக்கத்துப் பரப்புக்குச் செங்குத்தாகப் பரை வைத்துத் தொடங்குவது சரி. எனாமலைத் தாண்டியவுடன் பரைப் பல்லின் நீள அச்சுக்குத் திருப்ப மறந்தால், அது உதட்டுப்பக்கச் சுவரைக் குடையும். கீழ் வெட்டுப்பற்களிலோ திறப்பு சிறியதாகிவிடுவதே குற்றம். அந்த மெல்லிய பற்களில் கணிசமானவற்றுக்கு நாக்குப்பக்கத்தில் இரண்டாவது கால்வாய் உண்டு. திறப்பை நாக்குப்பக்க மேட்டை நோக்கியும் வெட்டுமுனையை நோக்கியும் நீட்டாதவருக்கு அது கடைசிவரை தெரியாது. ஆறு மாதம் கழித்து நோயாளி திரும்பி வரும்போதுதான் தெரியும்.

நீளம் குறிப்பது

இதில் பிழைகள் சிறியவை, ஆனால் எல்லாவற்றையும் கெடுப்பவை. ஸ்டாப்பர் (நீளத்தைக் குறிக்க ஃபைலில் மாட்டும் சிறு ரப்பர் வளையம்) நிற்கும் மேடு உடையக்கூடியதாக இருந்தால், அளந்த பிறகு அது பெயர்ந்துவிடும். அளவும் அதோடு போகும். ஆகவே பலவீனமான மேட்டை முதலிலேயே தட்டையாக்கிவிட்டு அளவெடுங்கள். அபெக்ஸ் லொகேட்டர் தாறுமாறாகக் காட்டினால், ஃபைல் பழைய உலோக அடைப்பைத் தொடுகிறதா, கூழறையில் திரவம் தளும்புகிறதா என்று பாருங்கள். கூழறையைப் பஞ்சால் ஒற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எக்ஸ்-ரேயில் வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்னதாக நிற்பதே வழக்கமான இலக்கு. இரண்டு கால்வாய்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து தெரிந்தால், எக்ஸ்-ரே குழாயைக் கிடைமட்டமாக 20 பாகை நகர்த்தி மறுபடி எடுங்கள். குழாய் நகர்ந்த திசையிலேயே நகர்ந்தது நாக்குப்பக்கத்துக் கால்வாய், எதிர்த்திசையில் போனது கன்னப்பக்கத்துக் கால்வாய். வளைந்த கால்வாயைப் பெரிதாக்கியபின் அதன் பாதை சற்று நேராகி நீளம் குறையும் என்பதால், 20 அல்லது 25ஆம் எண்ணில் அளவை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

படி விழுவது

மாணவர்கள் என்னை மிக அதிகமாக அழைப்பது இதற்காகத்தான்: வளைவின் வெளிச்சுவரில் ஃபைல் ஒரு படியைக் குடைந்துவிடுகிறது, அதன் பிறகு எந்த ஃபைலும் அந்தப் படியில் போய் நிற்கிறதே தவிர நுனிக்குப் போவதில்லை.

காரணம் எண்களிலேயே இருக்கிறது. 10ஆம் எண் ஃபைலின் முனை விட்டம் 0.10 மி.மீ.; 15ஆம் எண்ணுக்கு 0.15. பார்க்க அற்ப வித்தியாசம், ஆனால் விழுக்காட்டில் 50%. 15இலிருந்து 20க்கு 33%, 20இலிருந்து 25க்கு 25%. 55இலிருந்து 60க்குப் போகும்போதோ வெறும் 9%. அதாவது கால்வாய் மிகக் குறுகலாக இருக்கும் தொடக்கத்தில்தான் நாம் மிகப் பெரிய தாவல்களைச் செய்கிறோம். ஊதா ஃபைல் தளர்வாக ஓடும் முன்பே வெள்ளையை எடுப்பவரும், வெள்ளையை முடிக்காமல் மஞ்சளை எடுப்பவரும் இந்தத் தாவலைக் கை பலத்தால் நிரப்பப் பார்க்கிறார்கள். எஃகு ஃபைல் தடிமனாக ஆக, வளைவில் வளைந்து போகாமல் நேராகவே போக முயலும்; முனை வெளிச்சுவரில் குத்தும்; படி விழும்.

தடுக்கும் முறையை ஒழுங்காகச் சொல்கிறேன். கூழறையின் கூரை முழுவதும் போயிருக்க வேண்டும். ஃபைல் கால்வாயின் முதல் வளைவு வரை எந்தச் சுவரிலும் இடிக்காமல் நேராக இறங்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலின் கடைசி 2, 3 மி.மீ.யையும் எக்ஸ்-ரேயில் தெரியும் வளைவுக்கு ஏற்ப முன்கூட்டியே வளைத்து, ஸ்டாப்பரின் கூர்முனையையோ அதில் நீங்கள் வைக்கும் புள்ளியையோ அந்த வளைவின் திசைக்குத் திருப்பிக்கொண்டால், உள்ளே முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். எக்ஸ்-ரே எல்லா வளைவையும் காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது: மேல் பக்கவாட்டு வெட்டுப்பல்லின் நுனி அண்ணப்பக்கம் திரும்புவதும், மேல் முதல் கடைவாய்ப்பல்லின் அண்ணப்பக்க வேர் கன்னப்பக்கம் திரும்புவதும் படத்தில் நேர்க்கோடாகவே தெரியும். கால்வாய் ஒருபோதும் உலர்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பிறகு கழுவி, 10ஆம் எண் ஃபைலை முழு நீளத்துக்கு ஒருமுறை விட்டு எடுத்து, நுனியில் சேரும் டென்டின் சேற்றைக் கலைத்துவிட வேண்டும். இந்தச் சேறு இறுகிவிட்டால் உண்டாகும் அடைப்பும் படியைப் போலவே ஃபைலை நிறுத்தும். ஆனால் தொடுகையில் வேறுபாடு உண்டு. படியில் முனை சுவரில் மோதியது போலக் கெட்டியாக நிற்கும். அடைப்பில் மெத்தையில் குத்தியது போலச் சற்று அமுங்கும்.

படி விழுந்தே விட்டால், முதலில் பெரிய ஃபைல்களையெல்லாம் தட்டிலிருந்து எடுத்துத் தூர வையுங்கள். அவை கண்ணெதிரே இருந்தால் கை போகும். 8 அல்லது 10ஆம் எண் ஃபைலின் முனையைச் சுமார் 2 மி.மீ. அளவுக்குச் சற்றுக் கூர்மையாக வளைத்து, கால்வாயை ஹைப்போகுளோரைட்டால் நிரப்பி, வளைந்த முனை உள்வளைவுச் சுவரைப் பார்க்குமாறு செலுத்தி, மெல்லக் கொத்திக் கொத்தி வழி தேடுங்கள். கடிகாரத்தின் முள்போல ஸ்டாப்பரைச் சிறிது சிறிதாகச் சுற்றி, ஒவ்வொரு திசையிலும் ஒருமுறை முயல வேண்டும். ஏதோ ஓரிடத்தில் முனை சிக்கிப் பிடித்து இழுக்கும் உணர்வு வந்தால், அதுதான் வழி. அங்கிருந்து ஃபைலை வெளியே எடுத்துவிடாமல், படிக்கு அப்பாலேயே 1, 2 மி.மீ. நீளத்துக்கு மேலும் கீழுமாக அசைத்துப் படியின் விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். எடுத்துவிட்டால் மறுபடி அந்த வழி அகப்படும் என்பதற்கு உறுதி இல்லை. அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லையென்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடி, அடுத்த வருகைக்குத் தள்ளிவைப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

இதே நேராகும் குணம்தான் கீழ்க் கடைவாய்ப்பல்லின் மீசியல் (முன்பக்க) வேரில் பக்கவாட்டுத் துளையையும் உண்டாக்குகிறது. அந்த வேரின் டிஸ்டல் சுவர், அதாவது வேர்கள் பிரியும் பக்கத்துச் சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் தேய்க்காமல், ஃபைலை வெளியே இழுக்கும்போது எதிர்ச்சுவரில் அழுத்தி இழுப்பதே பாதுகாப்பு.

ஃபைல் உடைவது

உடையும் ஃபைல் உடையும் முன்பே சொல்லிவிடுகிறது, எஃகு என்றால். முறுக்கு ஓரிடத்தில் பிரிந்திருக்கும், அல்லது ஓரிடத்தில் மட்டும் பளபளக்கும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் விளக்கின் கீழே சுற்றிப் பார்த்து, அப்படி இருந்தால் தூக்கிப் போடுங்கள். எண்டோ பாக்ஸில் (ஃபைல்களை வைக்கும் பெட்டி) திரும்பச் செருகாதீர்கள். 15க்கும் குறைந்த எண் ஃபைல்களை ஒரு நோயாளிக்கு மேல் பயன்படுத்துவது சிக்கனமாகாது. நிக்கல் டைட்டானியம் ஃபைல்கள் வளைவில் சுழன்று களைத்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் முறியக்கூடியவை என்பதால், அவற்றை எத்தனை கால்வாய்க்குப் பயன்படுத்தினோம் என்ற கணக்கு மட்டுமே துணை. சிக்கிக்கொண்ட ஃபைலைக் கடிகாரத் திசையில் மேலும் திருகுவதுதான் உடைப்பதற்கு மிக உறுதியான வழி. எதிர்த்திசையில் சற்றுத் தளர்த்தி வெளியே எடுங்கள்.

உடைந்த துண்டு தன்னளவில் பல்லைக் கெடுப்பதில்லை. அதற்கு அப்பால் சுத்தம் செய்யப்படாமல் நிற்கும் கிருமியே கெடுக்கிறது. ஆகவே சுத்தம் செய்யும் வேலையின் முடிவில் உடைந்ததும், அழுகிய கால்வாயில் தொடக்கத்திலேயே உடைந்ததும் ஒன்றல்ல. துண்டை எடுக்க முயல்வதா, பக்கவாட்டில் தாண்டுவதா, அப்படியே விட்டு நிரப்புவதா என்பது ஆசிரியரின் முடிவு. மாணவர் செய்ய வேண்டியது கையை எடுத்துவிட்டு எக்ஸ்-ரே எடுப்பது மட்டுமே.

கழுவும் திரவம்

ஹைப்போகுளோரைட் கால்வாயின் உள்ளே நண்பன், வேர்நுனிக்கு வெளியே நெருப்பு. ஊசியின் முனை கால்வாயில் இறுகியிருக்கும்போது அழுத்தினால், திரவத்துக்கு நுனியைத் தவிரப் போக்கிடமில்லை. பக்கவாட்டில் துளையுள்ள 30 கேஜ் ஊசியில், நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக ஸ்டாப்பர் வைத்து, ஊசியை மேலும் கீழும் அசைத்தபடியே, கட்டைவிரலால் அல்லாமல் ஆள்காட்டி விரலால் பிஸ்டனைத் தள்ளுங்கள்; ஆள்காட்டி விரலுக்கு அவ்வளவு பலம் கிடையாது, அதுதான் இங்கே வேண்டியது. சிரிஞ்சுகளின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். மரத்துப்போகும் மருந்தும் ஹைப்போகுளோரைட்டும் நிறமின்றி ஒன்றுபோல இருக்கும். மாற்றி ஏற்றினால் வரும் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

தவறிப்போய் வெளியேறினால் நோயாளி அந்தக் கணமே துடிப்பார். கன்னமோ உதடோ கண்ணெதிரே வீங்கும். கால்வாயிலிருந்து ரத்தம் பெருகும். உடனே நிறுத்தி, என்ன நடந்தது என்று அவருக்கு அமைதியாகச் சொல்லி, வலிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, ரத்தம் கால்வாய் வழியே வடிய விட்டு, சலைனால் மென்மையாகக் கழுவ வேண்டும். முதல் நாள் குளிர் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம்; மாத்திரைகளை ஆசிரியர் தீர்மானிப்பார். வீக்கம் கண்ணை நோக்கிப் போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ, தாமதமின்றிப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிறியவை இரண்டு. இந்தத் திரவத்தின் வீரியம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் குறையும். புதுச்சேரியின் மே மாதத்தில் சன்னலோரத்தில் திறந்து வைத்த பாட்டில் விரைவில் வீரியம் இழக்கும். அடுத்தது, குளோர்ஹெக்சிடின் என்ற மற்றொரு கழுவும் திரவத்தோடு இது கலந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகும் என்பதால், இரண்டுக்கும் நடுவே சலைனால் கழுவ வேண்டும். நோயாளியின் புடவைக்கு மேல் ஏப்ரன் போட மறந்து, வெளுத்த புள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்ட மாணவி ஒருவர் அதன்பின் இன்றுவரை ஏப்ரனை மறந்ததில்லை.

நிரப்புவதும் தற்காலிக அடைப்பும்

நிரப்பும்போது தெரியும் பிழைகளில் பெரும்பாலானவை வடிவமைப்பில் செய்தவையே. கட்டா பெர்ச்சாவின் முதன்மைக் குச்சி நுனிவரை போகாவிட்டால் கால்வாயில் சேறு இருக்கிறது. நுனியைத் தாண்டிப் போனால் நீளம் தவறு அல்லது நுனி கிழிந்திருக்கிறது. சீலரை (குச்சியைச் சுவரோடு ஒட்டும் பசை) அதிகம் வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. ஸ்ப்ரெடர் (குச்சிகளைப் பக்கவாட்டில் அழுத்தும் கருவி) நீளத்துக்கு 1, 2 மி.மீ. குறைவான இடம் வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பலத்தைக் கூட்டாமல் சிறிய எண் ஸ்ப்ரெடரை எடுங்கள், ஏனென்றால் பலம் வேரை நெடுக்காகப் பிளக்கும், பிளந்த வேருக்குப் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி.

தற்காலிக அடைப்பை மாணவர்கள் அலட்சியமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பரங்கிப்பேட்டையிலிருந்தும் கடலூர் முதுநகரிலிருந்தும் பஸ் ஏறி வரும் நோயாளிக்கு அதுதான் அடுத்த வருகை வரை ஒரே காவல். கேவிட் போன்ற அடைப்பு குறைந்தது 3.5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். கூழறை நிறையப் பஞ்சை அடைத்து, மேலே மெல்லிய படலமாகப் பூசினால் ஒரு கரும்புத் துண்டைக் கடித்தவுடன் கழன்றுவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மீனவக் குடும்பத்தினர் பலர் அப்போதுதான் சிகிச்சைக்கு வர வசதிப்படும். அவர்களுடைய எல்லா வருகைகளையும், நிலையான அடைப்பு உட்பட, அந்தக் காலத்துக்குள் முடியுமாறு தேதி குறியுங்கள். மாணவரின் கோட்டா (முடித்துக் காட்ட வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை) கணக்கு அந்த மாதத்தில் முடிகிறதா என்பது நோயாளியின் பிரச்சினை இல்லை. கோட்டாவின் கடைசி வாரத்தில்தான் எங்கள் துறையில் அதிகமான ஃபைல்கள் உடைகின்றன என்பது என் அனுபவம்.

சொல்வதும் எழுதுவதும்

பிழை நேர்ந்தால் நோயாளிக்கு அன்றே, அவர் எழுந்து போகும் முன்பே, ஆசிரியரின் முன்னிலையில் சொல்ல வேண்டும். ‘அம்மா, சுத்தம் செய்யும்போது கம்பியின் சிறு முனை ஒன்று வேருக்குள்ளே தங்கிவிட்டது. படத்தில் இதோ தெரிகிறது பாருங்கள். இதனால் இப்போது உங்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் இந்தப் பல்லை ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலியோ வீக்கமோ வந்தால் அதற்கு முன்பே வந்துவிடுங்கள்’ என்ற அளவில், மறைக்காமலும் பயமுறுத்தாமலும் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கேஸ் ஷீட்டில் பல்லின் எண், எந்தக் கால்வாய், ஃபைலின் வகையும் எண்ணும், கையில் மிஞ்சிய பகுதியின் நீளம், துண்டு தங்கிய மட்டம், அதுவரை எந்த எண் வரை சுத்தம் செய்யப்பட்டிருந்தது, நோயாளிக்கு என்ன சொல்லப்பட்டது ஆகியவற்றை எழுதி, எக்ஸ்-ரேயை இணைத்து, ஆசிரியரின் கையெழுத்தை அன்றே வாங்குங்கள். மறுபரிசோதனைத் தேதியை நோயாளியின் சீட்டில் மட்டுமின்றி உங்கள் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் நீங்கள் படிப்பு முடித்துப் போய்விடுவீர்களானால், அந்தப் பக்கத்தை உங்களுக்கு அடுத்த வகுப்பு மாணவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.